மீதி தூரம்

ஆரஞ்சுத் தோலை எதற்காக இருக்கை இடுக்கில் திணிக்க வேண்டும், எதிரிலேயே பை தொங்குகிறது, அதுவும் பிடிக்கவில்லை என்றால் கையிலேயே வைத்திருந்தால்தான் என்ன, கை கழன்று விழுந்துவிடுமா... அவள் இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தாள், தோல் வந்தது, தோலோடு ஒட்டிக்கொண்டு யாரோ மென்று துப்பிய பபிள்கம் வந்தது, பபிள்கத்தோடு ஒரு தலைமுடி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சீ. கையுறை போட்டிருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும், எது தண்ணீர், எது எச்சில், எது வெறும் காபி என்று. இந்த அறிவை வைத்துக்கொண்டு உலகத்தில் வேறு என்ன வேலைக்குப் போக முடியும்? பக்கத்து வரிசையில் குனிந்திருந்தவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள், அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான், மூக்கையும் வாயையும் முகமூடி மூடியிருந்தாலும் ஒலிபரப்பு நிற்காது, “இங்க பாரு, இங்க பாரு, கால் நகத்தை வெட்டி கப்புக்குள்ள போட்டு வெச்சிருக்கான், எண்ணிப் பாத்துக்க, பத்தும் இருக்கும், ரொம்ப ஒழுங்கான ஆளு,” என்று சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பபிள்கத்தைக் குப்பைப் பையில் உதறினாள்.

விமானத்தின் முன்கதவுப் பக்கமிருந்து சீழ்க்கை கேட்டது. கண்காணிப்பாளர் என்று சட்டையில் எழுதியிருந்தாலும் அந்த ஆளை யாரும் அப்படிச் சொன்னதில்லை, விசில் என்றால்தான் தெரியும், சொல்ல வேண்டியதில் பாதியைப் பல் இடுக்கிலேயே ஊதிவிடுவான். “நடுவுல ஒருத்தர் வீல்சேர் வரலைன்னு உக்காந்திருக்காரு, அவரு எறங்குற வரைக்கும் பின்னாடியே பாருங்க, அங்க போய் மூஞ்சியில மருந்தடிச்சு வெக்காதீங்க!” தினமும் இப்படி ஒருவர் இருப்பார், பாவம், எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு இறங்கிப் போன பிறகு குப்பைக்கு நடுவில் குப்பையோடு குப்பையாக உட்கார்ந்திருப்பார், ஆனால் பாவம் பார்ப்பதற்கு எல்லாம் இந்த வேலையில் இடமில்லை, அடுத்த கூட்டம் வாசலில் வரிசை கட்டி நிற்கும், அதற்குள் இத்தனை நாற்காலிகளும் இதுவரை யாருமே உட்காராதது மாதிரி ஆகிவிட வேண்டும். அதுதான் இந்த வேலையின் முழுப் பொய்யும். வந்து உட்காருகிறவன் தனக்கு முன்னால் அங்கே இன்னொரு உடம்பு வியர்த்து, குறட்டை விட்டு, தும்மி, காற்று விட்டு, வாயில் எச்சில் வழிய உறங்கியது என்று நினைக்கவே கூடாது.

இருக்கைகளின் முதுகில் இருந்த சின்னத் திரைகள் இன்னும் அணையவில்லை. எல்லாவற்றிலும் ஒரே படம், நீலக் கடல், அதன் மேல் வில் மாதிரி வளைந்த ஒரு கோடு, கோட்டின் இந்த முனையில் விமானப் பொம்மை, பக்கத்தில் எழுத்துகள், கடந்த தூரம் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பயண நேரம் பதினைந்து மணி, மீதி தூரம் பூஜ்யம். அவள் திரையை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள், ஒன்றில் யாரோ எண்ணெய்க் கையால் கடலைத் தடவியிருந்தார்கள். மீதி தூரம் பூஜ்யம். அப்படியென்றால் அவள் வீட்டுக்காரர் இறங்கிவிட்டார். இந்நேரம் பெட்டி வரும் இடத்தில் நிற்பார், அல்லது வெளியே போயிருப்பார், மகள் ஓடி வந்து... ஓடி வருவாளா? அவர் போகும்போது நான்கு வயது, இப்போது பத்து, கொழுந்தன் கையைப் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாளோ என்னவோ. நேற்று விசிலிடம் ஒரு நாள் விடுப்பு கேட்டபோது, “அவரு வர்ற ப்ளேனத்தான நீ க்ளீன் பண்ணப் போற, மாலை போட்டு வரவேத்த மாதிரி நெனச்சுக்கயேன்,” என்றான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்துவைத்தாள். சிரித்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

“ஏண்டி, இதுல எது உங்க வீட்டுக்காரரோடதுன்னு கண்டுபிடி பாப்போம்,” என்றாள் ரேடியோ, கையில் ஒரு கறுப்புக் காலுறையைத் தொங்கவிட்டபடி. அதுவரை அவளுக்கு அந்த எண்ணமே வரவில்லை. வந்த பிறகு போகவில்லை. இந்தக் காலுறை அவருடையதா? பாதி கடித்த ரொட்டியில் வெண்ணெயோடு பல் தடம் பதிந்திருக்கிறதே, இது? போர்வையில் மூக்கைச் சிந்தித் துடைத்து, மடித்து, மடிப்பு தெரியாமல் மறுபடியும் உறைக்குள் திணித்து வைத்திருக்கிறானே ஒரு மகராசன், அது? ஆறு வருஷமாக அவர் அவளுக்கு ஒரு குரல், ஒரு செவ்வகத்துக்குள் ஒரு முகம், சமீபமாக அந்த முகமும் கழுத்துக்கு மேலே மட்டும், பின்னால் வெள்ளைச் சுவர். குரலுக்கு நகம் வளராது. செவ்வகத்துக்குள் இருக்கிற முகத்திலிருந்து வாடை வராது. அவருக்கும் ஒரு உடம்பு உண்டு, அது தின்னும், துப்பும், வியர்க்கும் என்பதே மறந்துபோயிருந்தது, இப்போது இந்த விமானத்தின் மொத்த அசிங்கமும் அவருடையதாகத் தோன்ற ஆரம்பித்தது, இருக்கைக்கு இருக்கை அவரே உட்கார்ந்து, அவரே தின்று, அவரே துப்பிவிட்டுப் போன மாதிரி. “அந்தக் காலுறையக் கீழ போடு முதல்ல,” என்றாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. ரேடியோ காலுறையைக் குப்பைப் பையில் போட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி இல்லை. பின்பக்கப் படி ஏறி, கதவு திறந்ததும் குப்பென்று ஒரு காற்று வரும், அது அந்த ஊர்க் காற்று என்று நினைத்துக்கொள்வாள், அங்கே கதவை மூடும்போது உள்ளே அகப்பட்டுக்கொண்ட காற்று, அதில் ஒரு துளியாவது அவர் மூச்சு கலந்திருக்காதா என்று, வெட்கக்கேடு, முகமூடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஆழமாக இழுப்பாள். இழுத்ததெல்லாம் என்ன? நூற்றுக்கணக்கான பேரின் கால் நாற்றம், வயிற்று நாற்றம், கழிவறை மருந்து. அதைப் போய்... எத்தனை நாள் இழுத்தாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ரேடியோ அதை வருஷக் கணக்கில் ஒலிபரப்புவாள்.

தூரம், தூரம் என்று அந்த மனுஷன் எத்தனை முறை சொல்லியிருப்பார். மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “இதென்ன பக்கத்துத் தெருவா, நெனச்ச உடனே செருப்ப மாட்டிக்கிட்டு வர்றதுக்கு? பதினஞ்சு மணி நேரம் தெரியுமா உக்காந்து வரணும்?” மாமியார் கண் ஆபரேஷனுக்கு அதே பதினைந்து மணி நேரம். மாமனார் செத்ததற்கும் அதேதான், அன்றைக்கு மட்டும் அழுதுகொண்டே சொன்னார். பதினைந்து மணி நேரத்தை ஏதோ மலையேற்றம் மாதிரி, கடலை நீந்திக் கடக்கிற மாதிரி... அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். பேசினால் என்ன சொல்லியிருப்பாள்? இந்த விமானம் தினமும் வருகிறதுங்க. தினமும் மத்தியானம் வந்து, வயிற்றைத் திறந்து, இத்தனை பேரைக் கொட்டிவிட்டு, நான் கழுவிவிட்ட பிறகு திரும்பிப் போகிறது, களைப்பு என்று சொல்லி ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை, மழையில் வருகிறது, பண்டிகை நாளில் வருகிறது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பொம்பளைகள் வருகிறார்கள், கம்பு ஊன்றிக்கொண்டு கிழவர்கள் வருகிறார்கள், உங்களுக்கு மட்டும்தான் அது தூரம். வர மனமிருந்தால் இது ஒரு பகல் தூக்கம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும், நீதான் ப்ளேன் பக்கமே போறதில்லையே, என்று கேட்டிருப்பார்.

அதுதான் இரண்டு வருஷத்துப் பொய். முதலில் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள், சொல்லக்கூட இல்லை, கொழுந்தன் உளறிவிட்டான். அன்றைக்கு வந்த போன்... “ஊரான் எச்சிலை அள்ளுற கையாலதான் எம் பொண்ணுக்குச் சோறு போடுறியா? கக்கூஸ் கழுவுறவ புருஷன்னு நாலு பேர் என்னையச் சொல்லணுமா? த்தூ, நெனச்சாலே வாந்தி வருது.” த்தூ என்று அவர் துப்பியது பதிமூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி அவள் காதில் ஈரமாக விழுந்தது, உண்மையிலேயே காதைத் துடைத்துக்கொண்டாள். அவர் அனுப்புகிறது வீட்டு வாடகைக்கே போதாது என்பது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் துப்பினார். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே கூப்பிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டேன், இப்போது சாப்பாட்டுப் பிரிவில், ஸ்பூனும் டிஷ்யூவும் உறையில் போட்டு அடுக்குகிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம், என்றாள். “அது பரவால்ல,” என்றார். எவ்வளவு சுலபமாக நம்பினார். மாமியாருக்குத் தெரியும், வாயைத் திறப்பதில்லை, ஆனால் அவள் வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் சமையலறைக்குள் போகக்கூடாது என்று ஒரு பார்வை இருக்கிறது. அவள் போவதுமில்லை. இரண்டு தடவை குளிக்கிறாள். நகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறாள். சோறு பிசையும்போது சில நாள் கை தன்னுடையது இல்லை என்று தோன்றும், மகளுக்கு ஸ்பூனில்தான் கொடுக்கிறாள், அது யார் ஜெயித்த கணக்கு?

வரிசை வரிசையாக முன்னேறிக்கொண்டிருந்தாள். குழந்தை அணையாடை ஒன்று பத்திரிகைக்குள் பொட்டலமாகச் சுற்றிப் பையில் செருகப்பட்டிருந்தது, கனமாக, இன்னும் வெதுவெதுப்பாக. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள். படித்தவன் மாதிரி இருப்பான், கோட்டுப் போட்டிருப்பான், இறங்கும்போது வாசலில் நிற்கிற பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போயிருப்பான். வாசலில் நிற்கிறவளுக்கு முகம் உண்டு. பின்னால் வருகிறவர்களுக்கு முகம் கிடையாது. பதினைந்து மணி நேரம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் மனுஷன் இப்படித்தான் ஆவானா, இல்லை எப்போதும் இப்படித்தானா, வீட்டில் அம்மாவோ பெண்டாட்டியோ பின்னாலேயே அள்ளிக்கொண்டு வருவதால் தெரியாமல் இருக்கிறதா... “அக்கா.”

யாரோ கூப்பிட்டார்கள். மெதுவாக, மன்றாடுகிற மாதிரி. அவள் நிமிரவில்லை, ரேடியோவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள், வீல்சேருக்குக் காத்திருந்தவர் இரண்டு வரிசைக்கு முன்னால்தான் ஜன்னலோரம் இருந்தார், அவ்வளவு தூரம் வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. நிமிர்ந்தபோது தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, நடுவில் வழுக்கை, சுற்றி நரைத்த முடி. “அக்கா, கொஞ்சம் வாங்களேன்.” இரண்டாவது முறை கேட்டதும் அவள் உடம்பு முழுக்க ஒரு கணம் கையுறைக்குள் இருப்பது மாதிரி இறுகியது. அந்தக் குரல். ஆறு வருஷமாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான், அதில் அவள் ஏமாற முடியாது. ஆனால் குரல் மட்டும்தான் அவருடையது, அதில் ஏறி வந்த பணிவு யாருடையதோ. அக்கா என்று அவர் தன் கூடப்பிறந்தவளைக்கூட இப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

போனாள். கால்தான் போனது. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார், பாதியாக, செவ்வகத்துக்குள் தெரிந்த முகம்தான், ஆனால் அதற்குக் கீழே இருந்ததெல்லாம் வேறு யாரோ, தோள் இறங்கி, வயிறு உப்பி, வலது காலில் முட்டி வரைக்கும் கட்டு, கட்டின் நுனியில் விரல்கள் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. அவள் நடைபாதையில் நின்றாள், தலையில் நீல வலை, முகமூடி, காலர் வரைக்கும் பொத்தான் போட்ட தொளதொள உடுப்பு. அவர் நிமிர்ந்து பார்த்தால் கண் தெரியும், அவள் கண்ணை அவருக்குத் தெரியாதா? பார்க்கவில்லை. அவள் கையுறையைப் பார்த்துப் பேசினார். “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க... கொஞ்சம் ஈரமாயிடுச்சு. பக்கத்துல ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க, எழுப்பக் கூச்சமா இருந்துச்சு, கால் வேற இப்படி. அடக்கி அடக்கிப் பாத்தேன்... ரொம்ப நேரம்க்கா, பதினஞ்சு மணி நேரம்.” இருக்கையின் ஓரம் கறுத்திருந்தது. வாடை முகமூடியைத் தாண்டி வந்தது, பழகிய வாடைதான், தினமும் எங்காவது ஒன்று இருக்கும், சாதாரணமாக மூச்சை வாய் வழியாக மாற்றிக்கொள்வாள், இப்போது மாற்ற மறந்து முழுதாக இழுத்துவிட்டாள். “வெளிய எம் பொண்ணு நிக்குதுக்கா. ஆறு வருஷம் கழிச்சுப் பாக்கப் போறேன். இந்த லட்சணத்துலயா போய் நிக்கிறது? ஏதாவது ஒரு துணி இருந்தா... அசிங்கம்தான். மன்னிச்சுக்கங்க.”

மன்னிச்சுக்கங்க. வாயைத் திறந்தால் போதும், ஒரே ஒரு சொல், என்னங்க என்றால் போதும். முகமூடியின் வார் காதை அறுத்துக்கொண்டிருந்தது, கழற்ற ஒரு விரல் போதும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பிப் போய்ச் சக்கரப் பெட்டியிலிருந்து காகிதத் துண்டுகளை எடுத்தாள், கை தானாக வேலை செய்தது, ஈரத் துடைப்பான், உறை பிரிக்காத ஒரு போர்வை, இருக்கைக்கு அடிக்கிற வாசனை மருந்து. காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள், அவர் கால்சட்டையில் ஒத்தி ஒத்தி எடுத்தார், குழந்தை மாதிரி, துடைத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார், அவள் பையை நீட்டினாள். பிறகு புட்டியை எடுத்தாள். அவர் புரிந்துகொண்டு இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். அவள் அடித்தாள், இடுப்பில், தொடையில், இருக்கைக்கு அடிக்கிற அதே மருந்தை, கட்டின மனுஷன் மேல், பூச்சிக்கு அடிக்கிற மாதிரி, அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். அருவருப்பு வந்தது. எதைப் பார்த்து என்றுதான் சொல்ல முடியவில்லை, அந்த ஈரத்தையா, மொட்டைக் காலையா, தூக்கிக்கொண்ட கைகளையா, இல்லை உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் அவள் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்ததே, அதையா? நல்லா இருக்கா, எச்சிலை அள்ளுற கை நல்லா இருக்கா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, அது அவள் குரல்தான், ஆனால் அவள் கேட்டதே இல்லை. போர்வையைப் பிரித்து மடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். “புண்ணியமாப் போகும்க்கா,” என்றார்.

வீல்சேர் தள்ளுகிறவன் அப்போதுதான் வந்தான், மன்னிப்பும் கேட்காமல், மென்றுகொண்டே. அவனும் அவளுமாக அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள், ஒரு பக்கத்து அக்குள் அவள் கையில் இருந்தது, கையுறை வழியாகச் சூடு தெரிந்தது, எலும்பும் தெரிந்தது. அவர் போர்வையை இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். வண்டி திரும்பும்போது யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், “வர்றேன்க்கா,” என்றார். ரேடியோ வந்து இடித்துக்கொண்டு நின்றாள். “யாருடி அது, பச்சப்புள்ள மாதிரி? நீ என்ன அவருக்குத் தொட்டில் கட்டிவிட்டுட்டு இருக்க?” “தெரியல, யாரோ,” என்றாள். “பாவம், வீட்ல பாத்துக்க ஆள் இருக்கோ இல்லையோ,” என்று சொல்லிவிட்டு ரேடியோ அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

இருக்கையின் மேலுறையைக் கழற்றினாள். பஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது. தூக்கி எறிந்துவிட்டு வேறு மெத்தையைப் போட வேண்டும், போட்டாள். ஜன்னலைத் துடைத்தாள், அதில் நெற்றி வைத்த எண்ணெய்த் தடம் வட்டமாக இருந்தது, இந்த ஊர் கண்ணில் தெரிய ஆரம்பித்ததிலிருந்து நெற்றியை அதிலேயே வைத்திருந்திருப்பார். இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது? அதுதான் அவளை அரித்தது. காலை மறைத்தது சரி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் கழுத்தை மட்டும் காட்டியது சரி, ஆம்பளைத் திமிர், இருக்கட்டும். ஆனால் மன்னிச்சுக்கங்க என்று ஒரு சொல் அவரிடம் இருந்திருக்கிறது, கூச்சம் இருந்திருக்கிறது, பக்கத்தில் உறங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று மூத்திரத்தை அடக்குகிற அளவுக்கு ஊரார் மேல் மரியாதை இருந்திருக்கிறது, இதெல்லாம் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் அவளிடம் த்தூ என்று துப்பினாரா? முன்பின் தெரியாத ஒருத்திக்கு, முகம் இல்லாத ஒருத்திக்கு, ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாரே, அவளுக்கு ஆறு வருஷத்தில் கொடுக்காததை. இப்போது பொறாமை யார் மேல் படுவது, தன் மேலேயேவா? அசிங்கம், இந்த மாதிரி ஒரு பொறாமை வருவதே அசிங்கம், மெத்தையில் இறங்கியது என்ன பெரிய அசிங்கம்.

படியிறங்கிக் குப்பைப் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள், ரப்பர் ருசி நாக்கில் பட்டது. “எங்க இருக்க? மனுஷன் ஆறு வருஷம் கழிச்சு வந்து நிக்கிறான், உங்க ஸ்பூன் அடுக்குற ஆபீஸ்ல அரை நாள் விட மாட்டானா?” அதே பழைய குரல். வெளியே போன கொஞ்ச நேரத்தில், ஆட்கள் சுற்றி நிற்கிற இடத்தில், பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. “சாயந்திரம் வந்துடுவேன். பாப்பா வந்துருக்காளா?” “நிக்கிறா. வாயையே தொறக்க மாட்டேங்குறா. கால்ல ஒரு சின்ன அடி, வண்டியில வெச்சுத் தள்ளிட்டு வந்தானுங்க, அதப் பாத்துப் பயந்துட்டா போல.” கொழுந்தன் ஏதோ கேட்பது தூரத்தில் கேட்டது. அவர் போனை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார், அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னார், சத்தமாக, “அத ஏன் கேக்குற, எனக்கு முன்னாடி அந்த சீட்ல எவனோ ஒண்ணுக்குப் போய் வெச்சிருக்கான். பேன்ட் எல்லாம் நாறுது. உள்ள க்ளீன் பண்றவளுங்க கண்ண எங்க வெச்சிருக்காளுங்களோ, சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுது, சீ!”

விமானத்தின் நிழல் தரையில் அகலமாகக் கிடந்தது, அதற்குள் நின்றுகொண்டிருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். இப்போது வரும், இதோ, வயிற்றிலிருந்து ஏறும், ஏறினால் நிறுத்தாமல் சொல்லிவிடலாம், ஈரத்தைத் துடைத்தது யார், போர்வை போர்த்தியது யார், புண்ணியமாப் போகும் என்று யாரிடம் சொன்னீர்கள்... கொழுந்தன் பக்கத்தில் நிற்கிறான், மகள் நிற்கிறாள், அவர் மடியில் இன்னும் அந்தப் போர்வை இருக்கும். “என்ன, கேக்குதா?” என்றார். “கேக்குது,” என்றாள். பிறகு, “அவசரத்துல சரியாத் தொடைக்காம விட்டிருப்பாங்க. நீங்க வீட்டுக்குப் போனதும் முதல்ல வெந்நீர்ல குளிச்சிருங்க, அத்தைகிட்டச் சொல்லிப் போடச் சொல்றேன்,” என்று அவள் வாய் சொன்னது. அந்தப் பக்கம் சத்தமில்லை. ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு அளவுக்கு. “ம்,” என்றார், தணிந்து, கிட்டத்தட்ட விமானத்துக்குள் கேட்ட குரலில், போனை வைத்துவிட்டார்.

மேலே படியிலிருந்து விசில் ஊதினான், அடுத்த விமானம் வந்து நிற்கிறதாம். கையுறையை மாட்டப் போனவள் வெறும் கையைப் பார்த்தாள், வியர்வையில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. சரியாத் தொடைக்காம விட்டிருப்பாங்க. இந்தக் கையைப் பற்றி அவளே சொன்னாள், ஒரு தயக்கம்கூட இல்லாமல், இரண்டு வருஷமாகச் சொல்லிவருகிற பொய்யைவிடச் சுலபமாக, யாரும் சொல்லித் தராமல். அவருக்காகச் சொன்னாளா? மகளுக்கு முன்னால் அவர் தலை கவிழாமல் இருக்கட்டும் என்றா, அல்லது ஆறு வருஷம் போனைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிய பழக்கம் இவளைக் கேட்காமல் தானே பேசிவிட்டதா... அந்த ஒரு மூச்சு நேர மௌனத்தில் அவருக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா? அவளுக்கு அருவருப்பாக இருந்தது, நிச்சயமாக இருந்தது, ஆனால் அது அவரைப் பார்த்தா தன்னைப் பார்த்தா என்று பிரித்தெடுக்கப் பார்த்தபோது, இரண்டும் ஒரே வீட்டு வாடையாக இருந்தது, எங்கே முடிந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.